துணிஞ்ச கட்டை: ‘டெஸ்பராடோ’வுக்குத் தமிழ் தேடிய ஒரு பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோட்டில் இயங்கும் சிறு பதிப்பகம் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட ஒன்பது சிறுகதைகளைத் தமிழில் கொண்டுவரத் தீர்மானித்தது. உரிமைக்காலம் முடிந்த கதைகள். டெமி அளவு, 500 படிகள். ஆகஸ்டில் ஈரோட்டில் நடக்கும் புத்தகத் திருவிழாதான் கெடு.

பணியில் இருந்தவர்கள் நால்வர். மொழிபெயர்த்தவர் கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கும், வங்கிப் பணியில் ஓய்வுபெற்ற அம்மையார். பதிப்பாசிரியர் முப்பதுகளில் இருப்பவர். மெய்ப்புப் பார்த்தவர் அவிநாசிப் பக்கத்துத் தமிழாசிரியர். நாலாமவர் அச்சக உரிமையாளர். பின்னால் இன்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள். வேலையின் போக்கைத் திருப்பியவர்கள் அந்த இருவர்தான்.

கௌபாய் கதை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் இதழ்கள் வழியாகக் குதிரை, தூசி, ஷெரீப், தலைக்கு விலை எல்லாம் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பழகியவை. அதனால் சூழலை விளக்க வேண்டிய தேவை குறைவு என்று பதிப்பாசிரியர் கருதினார். அது சரியான கணிப்புதான். சூழல் இடறவில்லை, ஒரு சொல் இடறியது.

முதல் வரைவில் காணப்பட்டது

மே முதல் வாரம் வரைவு முடிந்தது. கதைகளில் சட்டத்தை மீறித் திரிபவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நான்கு. டெஸ்பராடோ 31 இடங்களில், அவுட்லா 44 இடங்களில், பேண்டிட் 12 இடங்களில், ரவுடி 6 இடங்களில். ரவுடியை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றுக்கும் வரைவு ஒரே சொல்லைப் போட்டிருந்தது: போக்கிரி. ஆக 87 இடங்களில் போக்கிரி.

மே கடைசியில் எட்டு வாசகர்களிடம் இரண்டு கதைகள் கொடுக்கப்பட்டன. கோபியில் நூலகத்துக்கு வழக்கமாக வருபவர்கள் நால்வர், பவானியில் ஜமக்காளத் தறி வீடுகளைச் சேர்ந்தவர்கள் இருவர், ஈரோட்டுக் கல்லூரி மாணவர் இருவர். அவர்களிடம் கருத்துக் கேட்கவில்லை. படித்த கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ‘மொழிபெயர்ப்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் நம்மூரில் யாரும் ‘நல்லா இருக்குதுங்க’ என்பதைத் தாண்டமாட்டார்கள். கதையைச் சொல்லச் சொன்னால் அவர்கள் எங்கே தவறாகப் படித்தார்கள் என்பது தானாக வெளிவரும்.

வந்தது. முதல் கதையில் ஒருவன் மூன்று கொலை செய்துவிட்டு, இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்தே ஊருக்குள் திரும்பி வருகிறான். எட்டுப் பேரில் ஆறு பேர் அவனைக் குறும்புக்காரனாக, வம்புக்கு அலைபவனாகச் சொன்னார்கள். ‘சேட்டை புடிச்ச பையன்’ என்றார் ஒரு மாணவர். அவன் சாகும் இடத்தில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காரணம் தெளிவு. போக்கிரி தேய்ந்துபோன சொல். தெலுங்கில் போகிரி, கன்னடத்தில் போக்கரி என்று பக்கத்து மொழிகளிலும் இருக்கும் இந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் கனம் இருந்தது. இன்றைக்குப் பேரனைக் கொஞ்சும் ஆத்தா, ‘போக்கிரிப் பயலே, இங்க வாடா’ என்கிறார். கொஞ்சலுக்குப் போன வசைச்சொல் திரும்பவும் வசையாவது கடினம்.

பதிப்பாசிரியரின் முதல் யோசனை, போக்கிரியை எடுத்துவிட்டுக் ‘கேடி’ போடுவது. மொழிபெயர்ப்பாளர் ஒத்துக்கொண்டார். கேடு செய்பவன் கேடி, தமிழ் வேர் உள்ள சொல் என்பது அவர் நம்பிக்கை. இதை அவர் முன்னுரையிலும் எழுதியிருந்தார். முன்னுரை மே மாதமே முடிந்துவிட்டது. இந்தத் தேதி பிறகு முக்கியமாகிறது.

விசாரணை: கேடி

பவானியில் கதை படித்தவர்களில் ஒருவரின் அண்ணன், ஓய்வுபெற்ற காவல்துறை ஏட்டு. நிலைய ரைட்டராகப் பல ஆண்டு இருந்தவர். கேடி என்று வைக்கப்போகிறார்கள் என்று தம்பி சொல்லக் கேட்டு, பதிப்பாசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏனுங் தம்பி, கேடின்னா கேடு செய்யறவன்னு எழுதப் போறீங்களாமா?”

“ஆமாங்கய்யா. அப்படித்தானுங்களே?”

“இல்லீங்க. அது இங்கிலீசு எழுத்து ரெண்டு. ரிக்கார்டுல இருக்கறது. நோன் டெப்ரடேட்டர்னு முழுசா எழுத மாட்டாங்க, கே.டி.ன்னு போடுவாங்க. கே.டி. லிஸ்ட்டு, கே.டி. செக்குன்னு பேச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராயிருச்சு.”

அவர் சொன்னது சரி. திருட்டு, கொள்ளையில் பழகியவர் என்று காவல்துறைக்குத் தெரிந்தவரைக் குறிக்கும் ‘நோன் டெப்ரடேட்டர்’ (Known Depredator) என்ற பதிவேட்டுத் தொடரின் முதலெழுத்துகளே கே.டி. சென்னை மாகாணக் காவல் நடைமுறையில் வேரூன்றிய வழக்கு இது. தெலுங்கிலும் மலையாளத்திலும் இதே ஒலியோடு இதே பொருளில் வழங்குவது இன்னொரு சான்று. கேடு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து ஆளைக் குறிக்கும் சொல் பிறந்தால் கேடன் என்றுதான் வரும். அந்தச் சொல் தனியாகவே இருக்கிறது.

இருந்தாலும் கேடு என்ற ஒலி காதில் விழுவதால்தான் கே.டி. தமிழில் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்க இடம் உண்டு. குண்டருக்கும் இதே கதை. இந்தியில் ‘குண்டா’ என்றால் அடியாள். தமிழுக்கு வந்ததும் குண்டு என்ற சொல்லோடு கலந்து, பருத்த உடம்புக்காரன் என்ற படம் மனத்தில் விழுகிறது. 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்தைக் குண்டர் சட்டம் என்றே எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சட்டம் குண்டரை வரையறுப்பது பழக்கமாகக் குற்றம் செய்வதை வைத்து. அதில் பருமனுக்கு வேலை இல்லை.

மொழிபெயர்ப்புக்கு இதனால் கிடைத்த பயன் இது: கேடி என்பது காவல் நிலையம் வைத்த பெயர். பதிவேடு இல்லாத ஊரில் கேடி இருக்க முடியாது. கதையில் வரும் நியூ மெக்சிகோப் புல்வெளியில் அதைப் போட்டால், வாசகருக்கு நம்மூர்க் காவல் நிலையச் சுவர்தான் தெரியும். கேடி கைவிடப்பட்டது.

விசாரணை: டெஸ்பராடோ எங்கிருந்து வந்தது

ஏட்டய்யாவின் அழைப்புக்குப் பிறகுதான், மூலச் சொற்களையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும் என்று பதிப்பாசிரியருக்குத் தோன்றியது. ஜூன் முதல் இரண்டு வாரம் அதற்குப் போனது.

டெஸ்பராடோ ஸ்பானியச் சொல் போல ஒலிக்கிறது, ஆனால் ஸ்பானியத்திலிருந்து கடன் வாங்கியதாக அதைக் கொள்ள முடியாது. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை இழந்தவருக்கு வழங்கும் சொல் ‘தெசெஸ்பெராதோ’. அதில் ஓர் அசை கூடுதல். ஆங்கிலத்தில் ‘டெஸ்பரேட்’ என்ற சொல்லே பதினாறாம் நூற்றாண்டில் முரட்டுக் குற்றவாளியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகவும் வழங்கியது. அதன் வாலில் ‘ஆடோ’ சேர்த்து ஸ்பானியச் சாயம் பூசியதுதான் டெஸ்பராடோ என்பது அகராதிக்காரர்கள் சொல்லும் விளக்கம். 1600 வாக்கில் அதற்கு நம்பிக்கை இழந்தவன் என்று பொருள். 1640களில் எதற்கும் துணிந்த குற்றவாளி என்ற பொருள் வந்துவிட்டது. ஆங்கிலேயருக்கு அந்தக் காலத்தில் இந்த ‘ஆடோ’ வால் மீது ஒரு மோகம். டொர்னாடோவும் அப்படித்தான்: இடிமழையைக் குறிக்கும் ‘த்ரொனாதா’ என்ற ஸ்பானியச் சொல் ஆங்கிலேயர் வாயில் உருமாறியது.

ஆக, கௌபாய்கள் பிறப்பதற்கு இருநூறு ஆண்டு முன்பே சொல் இருந்தது. அமெரிக்க மேற்கு அதைப் பிரபலமாக்கியது. 1881 ஜூலை 14 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட பில்லி த கிட் போன்றவர்களைப் பத்திரிகைகள் அந்தப் பெயரால் அழைத்து, உலகம் முழுக்கக் கொண்டுபோயின.

வேர் இலத்தீனம். ‘ஸ்பெராரே’ என்றால் நம்பியிருத்தல். முன்னால் ‘தே’ சேர்ந்தால் நம்பிக்கை அற்றுப்போதல். கொலை, கொள்ளை எதுவும் சொல்லின் வேரில் இல்லை. இழக்க ஒன்றுமில்லாதவன், ஆகவே எதையும் செய்வான் என்ற தாவல் மட்டும் இருக்கிறது.

மற்ற மூன்றையும் பக்கத்தில் வைத்தபோது வேறுபாடு துலங்கியது. அவுட்லா பழைய நோர்சு மொழியின் ‘உத்லாகி’யிலிருந்து வந்தது: சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன். இங்கிலாந்தில் இது நிஜமான தண்டனை. அப்படி அறிவிக்கப்பட்டவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. குற்ற வழக்குகளில் இந்த முறை முறைப்படி ஒழிந்தது 1938இல். பேண்டிட் இத்தாலியச் சொல், ‘பந்தித்தோ’: பறையறைந்து விலக்கப்பட்டவன். ரவுடி அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்தது. முதலில் காட்டுப்புறத்து முரடனைக் குறித்தது, கூச்சல் கலாட்டாவைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது என்று கருதப்படுகிறது. அதே ரவுடிதான் நம் காவல் நிலையச் சரித்திரப் பதிவேட்டுக்கும் வந்தது. ரவுடியை மொழிபெயர்க்காமல் விட்டது, காரணம் தெரியாமல் செய்ததென்றாலும், சரியாகிப்போனது.

அதாவது அவுட்லாவும் பேண்டிட்டும் சட்டம் வைத்த பெயர்கள். ரவுடி அக்கம்பக்கம் வைத்த பெயர். டெஸ்பராடோ மட்டும் ஆளின் உள்ளே இருப்பதைச் சொல்கிறது. ரவுடி தவிர்த்த மூன்றையும் ஒரே பானையில் போட்டதுதான் முதல் வரைவின் பிழை. போக்கிரி அதற்கு அடுத்த பிழை.

தமிழ்ப் பக்கம் பார்த்தது

தமிழாசிரியர் கொண்டுவந்த சொற்கள் மூன்று.

முதலாவது, ஆறலை கள்வர். ஆறு என்றால் வழி. வழிப்போக்கரை அலைத்துப் பறிப்பவர். பாலை யாழின் இசை கேட்டால் இவர்கள் கையிலிருந்த ஆயுதத்தை விட்டுவிடுவார்கள் என்று பொருநராற்றுப்படை சொல்கிறது. கொங்குக்கும் இந்தச் சொல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சேரமான் பெருமாளிடம் பரிசு பெற்றுத் திரும்பிய சுந்தரர், அவிநாசி அருகே திருமுருகன்பூண்டியில் வேடர் வடிவில் வந்த பூதங்களிடம் பொருளைப் பறிகொடுத்தார் என்பது தலவரலாறு. ஏழாம் திருமுறையின் 49ஆம் பதிகம் அந்த ஆற்றாமையில் பிறந்தது. ‘திடுகு மொட்டெனக் குத்திக் கூறைகொண்டு ஆறலைக்குமிடம்’ என்று ஊரைத் திட்டிவிட்டு, இப்படிப்பட்ட இடத்தில் நீர் எதற்கு இருக்கிறீர் என்று சிவனையே கேட்கிறார். துணியையும் உருவிக்கொண்டு போனதாகப் புகார் சொல்லும் தேவாரம் வேறு எங்கே இருக்கிறது? ஆனாலும் கதைக்கு இந்தச் சொல் ஒத்துவரவில்லை. அது செய்யும் தொழிலைச் சொல்கிறது, மனநிலையைச் சொல்லவில்லை. கோச்சு வண்டியை மறிக்கும் இடங்களில் ‘வழிப்பறி’ போதும்.

இரண்டாவது, தறுகண். தொல்காப்பியத்தில் பெருமிதம் பிறக்கும் நான்கு வழிகளில் ஒன்று தறுகண்: அஞ்சாமை, புகழத்தக்க குணம். பின்னாளில் தறுகணன் கொடியவனும் ஆனான். அஞ்சாமை என்ற ஒரே குணம் நம்மவனிடம் இருந்தால் வீரம், எதிரியிடம் இருந்தால் கொடுமை. பொருளளவில் நல்ல பொருத்தம்தான். வாசகரிடம் சொல்லிப் பார்த்தபோது, பள்ளிக்கூடச் செய்யுள் பாடம் நினைவுக்கு வருகிறது என்றார்கள். துப்பாக்கிக்காரன் வாயில் செய்யுள் நிற்காது.

மூன்றாவது, விட்டேத்தி. பற்றை விட்டவன் என்ற பழைய பொருளுக்கு டெஸ்பராடோவின் வேர் வெகு அருகில் வருகிறது. ஆனால் இன்று ‘விட்டேத்தியா பேசறான்’ என்றால் அக்கறையில்லாமல் பேசுகிறான் என்றுதான் பொருள். இதுவும் தேய்ந்த சொல்.

சொல் கிடைத்த இடம்

கிடைத்தது பவானித் தறி வீட்டில். அங்கே கதையைப் படிக்கக் கேட்டவர்களில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். அவரிடம் பதிப்பாசிரியர் சொல் கேட்கவில்லை. ஆளை விவரித்தார். “மூணு கொலை பண்ணிட்டானுங்க ஆத்தா. ஊருக்குள்ள போனாச் சாவுதான்னு தெரியும். தெரிஞ்சும் போறானுங்க. அவன எப்படிச் சொல்லுவீங்க?”

“தலைக்கு மேல வெள்ளம் போனாச் சாணென்ன மொழமென்ன கண்ணு. துணிஞ்ச கட்டை அவன்.”

பழமொழியும் சொல்லும் ஒரே மூச்சில் வந்தன. இரண்டும் சேர்ந்தால் இலத்தீன வேரின் பொருள் முழுதாக வந்துவிடுகிறது. நம்பிக்கை போன பிறகு அளவு பார்ப்பதில்லை என்பதைப் பழமொழி சொல்கிறது. ‘கட்டை’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘இந்தக் கட்டை வேகறவரைக்கும்’ என்று பேசும் மொழியில் கட்டை என்பது உடம்பு. விறகில் வைக்கப்போகும் உடம்பு. துணிஞ்ச கட்டை என்றால், தன்னை ஏற்கெனவே சுடுகாட்டுக் கணக்கில் எழுதிவிட்டவன்.

முடிவுகளும் காரணங்களும்

87 இடங்களுக்கும் அட்டை எழுதப்பட்டது. ஓர் இடத்துக்கு ஓர் அட்டை. அதில் நான்கு விவரம்: கதையும் பக்கமும், சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், அந்த ஆள் அதற்குமுன் கதையில் என்ன செய்திருக்கிறார். மூன்றாவது விவரம் வீண் வேலை என்று மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் தோன்றியது. கடைசியில் பெரும்பாலான இடங்களைத் தீர்த்தது அதுதான். ஒரே ஆளை ஷெரீப் மேலதிகாரிக்கு எழுதும்போது சொல்வதும், சாராயக் கடையில் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது.

டெஸ்பராடோவின் 31 இடங்கள் இப்படிப் பிரிந்தன. ஆளின் மனநிலை முன்னுக்கு நிற்கும் 13 இடங்களில் துணிஞ்ச கட்டை. பேச்சில் ‘துணிஞ்ச’, எடுத்துரைப்பில் ‘துணிந்த’. பத்திரிகையும் பாதிரியாரும் பேசும் 7 இடங்களில் ‘பஞ்சமாபாதகத்துக்கும் அஞ்சாதவன்’. அவர்கள் வாயில் தீர்ப்பின் நெடி இருக்கவேண்டும், இந்தத் தொடரில் அது இருக்கிறது. ஊரார் கேலியாகச் சொல்லும் 3 இடங்களில் போக்கிரியே நின்றது. அங்கே அதன் தேய்மானம் உதவியது. 5 இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று முடிவானது. ‘அவன் ஒரு டெஸ்பராடோ’ என்ற வாக்கியம் ‘அவன் எதற்கும் துணிந்துவிட்டான்’ என்று ஆனது. தமிழில் வினையாகச் சொன்னால் தானாக விழும் இடங்கள் இவை. முதல் வரைவு அங்கெல்லாம் பெயரைத் தேடிச் சிரமப்பட்டிருக்கிறது. ஒரு கதையில் சொல்லின் ஒலியையே வைத்து இருவர் பேசிக்கொள்ளும் 2 இடங்களில் டெஸ்பராடோ அப்படியே இருந்தது. மீதம் ஓர் இடம். அதற்குப் பிறகு வருவோம்.

அவுட்லாவுக்கு, சட்டபூர்வ அறிவிப்பு வரும் இடங்களில் ‘சட்டம் கைவிட்டவன்’. முதலில் ‘சட்டத்தைக் கைவிட்டவன்’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு வேற்றுமை உருபில் பொருள் தலைகீழாகிவிடும். வெளியே தள்ளியது சட்டம். மற்ற இடங்களில் ‘தலைக்கு விலை வைக்கப்பட்டவன்’, அல்லது வெறும் ‘தலைமறைவு’. பேண்டிட்டுக்குக் கொள்ளையன் என்பதோடு நின்றார்கள், அங்கே அதிகம் யோசிக்கவில்லை.

தவறவிடாமல் தடுத்த ஒன்றையும் பதிய வேண்டும். முன்னுரையில் ‘நம் கொங்கு மண்ணின் டெஸ்பராடோ’ என்று தீரன் சின்னமலையைக் குறிக்கும் வரி இருந்தது. மைசூர் அரசுக்குப் போன வரிப்பணத்தை மறித்து, ‘சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் சின்னமலை பறித்ததாகச் சொல்’ என்று அனுப்பினார் என வழங்கும் கதையை மனத்தில் வைத்து எழுதியது. மெய்ப்பில் தமிழாசிரியர் அதை அடித்துவிட்டார். 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவர், ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவர். அவரிடம் இருந்தது நம்பிக்கை. நம்பிக்கை இழந்தவனைக் குறிக்கும் சொல்லை அவர்மேல் போடுவது, மரியாதைக் குறைவு என்பதற்கு முன்பே, பொருட்பிழை. மொழிபெயர்ப்பாளர் வாதம் செய்யாமல் ஏற்றுக்கொண்டார்.

தொடர்ந்து நடந்தவை

மாற்றிய பிரதியில் அதே இரண்டு கதைகள், புதிதாக எட்டு வாசகர்களிடம் கொடுக்கப்பட்டன. மூன்று கொலை செய்தவனை யாரும் குறும்புக்காரன் என்று சொல்லவில்லை. ‘பாவம், அவனுக்கு வேற வழியில்ல’ என்று ஒருவரும் ‘சாகறதுக்குன்னே வந்திருக்கான்’ என்று இன்னொருவரும் சொன்னார்கள். மூலக்கதை எதிர்பார்க்கும் வாசிப்பு இதுதான்.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று கிளம்பியது. இன்னொரு கதையில் பெண் கொள்ளைக்காரி ஒருத்தி வருகிறாள். அவளையும் துணிஞ்ச கட்டை என்று எழுதியிருந்தார்கள். பவானி அம்மா தலைமுறையில் பெண்கள் தங்களைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் தொடர் அது. கல்லூரி மாணவர்களுக்கு அது வேறு விதமாகக் கேட்டது. பெண்ணைக் கட்டை என்பது இன்றைய தெருப்பேச்சில் ஆபாசம். அந்த ஓர் இடம் ‘எதுக்கும் துணிஞ்சவ’ என்று மாறியது. மேலே மீதம் என்று சொன்னது இதுதான்.

கணினியில் மாற்றியதும் தொல்லை தந்தது. அட்டைப்படி ஒவ்வோர் இடமாகத் திருத்துவது என்று முடிவாகியிருந்தும், ஜூலையில் நெருக்கடி வந்தபோது பதிப்பாசிரியர் நான்கு கதைகளில் மொத்தமாகத் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தினார். வேற்றுமை உருபுகள் தற்செயலாகத் தப்பின. போக்கிரியை, போக்கிரிக்கு என்பவை கட்டையை, கட்டைக்கு என்று ஒழுங்காகவே மாறின. சந்தி தப்பவில்லை. ‘அந்தப் போக்கிரி’ என்பது ‘அந்தப் துணிந்த கட்டை’ ஆனது. பன்மை இன்னும் மோசம். ‘துணிந்த கட்டைகள் ஆற்றைக் கடந்தனர்’ என்ற வாக்கியத்தைப் படித்தால், காவிரி வெள்ளத்தில் மரம் மிதந்து வருவதுதான் தெரியும். கட்டை இந்தத் தொடரில் பன்மை ஏற்காது. ‘துணிந்த கட்டைகளாக நாலு பேர்’ என்றும் எழுத முடியாது. ‘நாலு பேரும் துணிந்த கட்டை’ என்று ஒருமையிலேயே நிறுத்தவேண்டும். பன்மைகள் எல்லாம் மெய்ப்பில் பிடிபட்டன. ‘அந்தப் துணிந்த’ இரண்டு இடங்களில் அச்சாகிவிட்டது.

பெரிய பிழை முன்னுரையில். மே மாதம் எழுதிய முன்னுரையில், டெஸ்பராடோ மெக்சிகோ எல்லையில் ஸ்பானியரிடமிருந்து அமெரிக்கர் வாங்கிய சொல் என்றும், கேடி என்பது கேடு என்ற தமிழ் வேரிலிருந்து வந்தது என்றும் இருந்தன. ஜூன் விசாரணை இரண்டையும் பொய்யாக்கிவிட்டது. கதைகளைத் திருத்தியவர்கள் யாரும் முன்னுரைக்குத் திரும்பிப் போகவில்லை. சின்னமலை வரியை நீக்கிய தமிழாசிரியர் கண்ணிலும் இவை படவில்லை. அவர் கையில் அப்போது ஏட்டய்யா சொன்ன விவரம் இல்லை.

ஜூலை மூன்றாம் வாரத்தில், முதல் ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) அச்சாகி முடிந்த பிறகுதான் மொழிபெயர்ப்பாளரே கண்டுபிடித்தார். டெமி அளவில் ஒரு தாளின் இருபுறமும் சேர்த்து 16 பக்கம். 500 படிக்கு 500 தாள், அதாவது ஒரு ரீம். முதல் ஃபாரத்தில் தலைப்புப் பக்கம், முன்னுரை, முதல் கதையின் தொடக்கம் மூன்றும் சேர்ந்திருந்தன. திரும்ப அடித்தால் ஒரு ரீமும் கழிவுத்தாளும், இரண்டு புதுப் பிளேட்டும் வேண்டும், மெஷின் ஒரு பொழுது நிற்கும். அச்சக உரிமையாளர் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். பதிப்பாசிரியர் செலவைப் பார்த்துப் பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட முடிவெடுத்தார். இது தவறான முடிவு. சீட்டைப் பின்புற ஓரத்தில் மட்டும் பசையிட்டு ஒட்டினார்கள். புத்தகத் திருவிழாவில் கைமாறிய வேகத்தில் பலவற்றில் சீட்டு உதிர்ந்துவிட்டது. கேடி தமிழ்ச் சொல் என்று ஒரு வாசகர் அந்த முன்னுரையை ஆதாரம் காட்டிப் பேசியதாக, திருவிழா முடிவதற்குள்ளேயே செய்தி வந்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

முன்னுரை கடைசியில் எழுதப்பட வேண்டும். முன்னுரையும் தலைப்புப் பக்கங்களும் தனி ஃபாரமாகி, கதைப் பகுதி அச்சான பிறகே ஓட வேண்டும். பக்க எண்ணைக் கதையிலிருந்து தொடங்கினால் இதற்குத் தடையில்லை.

சொல் வரலாறு பற்றி எழுதும் ஒவ்வொரு வரிக்கும் தனி அட்டை வேண்டும். மொழிபெயர்ப்பில் 87 இடத்துக்கு அட்டை எழுதியவர்கள், முன்னுரையின் இரண்டு வரிக்கு எழுதவில்லை. நம் காதுக்கு உகந்த வேர்ச்சொல் கிடைத்தால் அதன் மேல் சந்தேகம் கூடவேண்டும். அக்கம்பக்க மொழிகளில் அதே சொல் அதே ஒலியில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை.

வாசகரிடம் ‘இதற்குத் தமிழில் என்ன?’ என்று கேட்கக்கூடாது. ஆளை, செயலை விவரித்துவிட்டு, எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கவேண்டும். கிடைத்த சொல்லை வேறு தலைமுறையினரிடமும், பெண்களைக் குறிக்கும் இடத்தில் தனியாகவும் சோதிக்கவேண்டும்.

தேடி மாற்றும் வசதியைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்தலாம். மாற்றுவது கையால்தான்.

விற்காமல் மீந்த 140 படிகளில் சீட்டுக்குப் பதிலாக, முன்னுரையின் அந்தத் தாளையே வெட்டி எடுத்துவிட்டுத் திருத்திய தாளை ஓரம் ஒட்டும் வேலை செப்டம்பரில் முடிந்தது. நூலகங்களுக்குப் போன படிகளுக்கு அந்தத் தாள் தனியாக அஞ்சலில் அனுப்பப்பட்டது. எத்தனை படிகளில் அது ஒட்டப்பட்டது என்பதற்குப் பதிப்பகத்திடம் கணக்கு இல்லை.